வீட்டுவண்டிக்கு மாற்று இன்ஜின்

டீசலக்கா என்ற பெயரை அவளுக்குப் பேருந்துப் பணிமனையில் வைத்தார்கள். இருபத்தொன்பது வருடம் அங்கே மெக்கானிக்காக இருந்தவள். எத்தனை சோப்பு போட்டுத் தேய்த்துக் குளித்துவிட்டு வந்தாலும் பக்கத்தில் உட்காருகிறவர்கள் மூக்கை உறிஞ்சிவிட்டு, "எங்கிருந்தோ டீசல் வாசனை வருதே" என்று சுற்றுமுற்றும் பார்ப்பார்கள். அவளும் சேர்ந்து சுற்றுமுற்றும் பார்ப்பாள். வேலையில் மட்டும் விளையாட்டுக் கிடையாது. வண்டி கேட்டுக்குள் நுழையும்போதே, "இரண்டாவது சிலிண்டர் சரியில்லை, ஓரமா நிறுத்து" என்று சொல்லுகிற காது அவளுடையது. அந்தக் காதை மேலதிகாரிகளே மறுத்துப் பேசியதில்லை.

வீட்டுக்காரர் தச்சர். மெல்லிய ஆள், மெல்லிய பேச்சு. அவர் செய்த இழுப்பறையை மூடினால் உள்ளே இருக்கும் காற்று மட்டும் உஸ்ஸென்று வெளியேறும், வேறு சத்தம் வராது. ஆணி அடிப்பது கையாலாகாதவன் வேலை என்பது அவர் கட்சி.

இந்த இரண்டு பேரும் ஓய்வு பெற்றதும் ஒரு காரியம் செய்தார்கள். கையிலிருந்த மொத்தத்தையும் போட்டு ஒரு பழைய வீட்டுவண்டியை வாங்கினார்கள். இருபது வயதைத் தாண்டிய வண்டி. முன்னால் ஓட்டுநர் இருக்கை, நடுவில் அடுக்களை, அதை ஒட்டிக் குளியலறை, கடைசியில் கட்டில். கட்டிலுக்கு நேர் கீழே இன்ஜின். "சொந்தமா நாலு சுவர் வாங்க வக்கில்லாம நாலு சக்கரம் வாங்கியிருக்குதுங்க" என்று சொந்தக்காரர்கள் காதுபடவே பேசினார்கள். பேசட்டும் என்று இவர்கள் விட்டுவிட்டார்கள்.

வண்டியைச் சீர் செய்யத் தொடங்கிய முதல் வாரத்திலேயே ஒரு திருகாணிக்காகச் சண்டை வந்தது. இரும்பில் எங்கே துளை போடுவது என்று தச்சர் சொல்ல, மரத்தை எங்கே இழைப்பது என்று இவள் சொல்ல, மூன்று நாள் பேச்சு வார்த்தை இல்லை. நான்காம் நாள் ஒரு உடன்பாட்டுக்கு வந்தார்கள். தரைப் பலகைக்கு மேலே இருப்பதெல்லாம் அவர் ராஜ்ஜியம், தரைப் பலகைக்குக் கீழே இருப்பதெல்லாம் இவள் ராஜ்ஜியம். ஒருவர் பக்கத்தில் மற்றவர் மூக்கை நுழைக்கக் கூடாது, கேள்வியும் கேட்கக் கூடாது. அதற்குப் பிறகு சண்டையே வரவில்லை. குடும்பம் நடத்துவது எப்படி என்று யாராவது பேச்செடுத்தால் போதும், டீசலக்கா இந்த உடன்பாட்டைப் பெருமையாக எடுத்து விடுவாள். கேட்டவர்களும் நல்ல யோசனை என்று தலையாட்டினார்கள். நல்ல யோசனைதான், ஓடாத வண்டியாக இருந்தால்.

இரண்டரை வருடம் ஊர் ஊராகச் சுற்றினார்கள். ஒரே ஒரு தொல்லை. இன்ஜின் உட்கார்ந்திருக்கும் மவுண்ட் ரப்பர்கள் அடிக்கடி கிழிந்தன. சாதாரணமாக ஐந்தாறு வருடம் உழைக்க வேண்டிய ரப்பர் இந்த வண்டியில் ஐந்தாறு மாதம்கூடத் தாங்கவில்லை. மூன்றாம் முறை கிழிந்தபோது டீசலக்கா எரிச்சலில் ரப்பரைத் தூர எறிந்துவிட்டு, அதே அளவில் இரும்புக் கட்டை செய்து வைத்து முடுக்கிவிட்டாள். பணிமனையில் அவசரத்துக்குச் செய்கிற வித்தை அது. அவசரம் முடிந்ததும் மாற்றிவிட வேண்டும். அவள் மாற்றவில்லை.

ஒரு வருடம் ஓடியது. நான்கு மாதத்துக்கு முன்னால் ஒரு மலைப்பாதை ஏற்றத்தில் பின்னாலிருந்து வெடி வெடித்தது போல் ஒரு சத்தம். இறங்கிப் பார்த்தால் இன்ஜினின் உடம்பான பிளாக்கே பிளந்து கிடந்தது, வலது மவுண்டை ஒட்டி, மேலிருந்து கீழ் வரை. எண்ணெய் சாலையில் ஓடியது. டீசலக்கா பேயறைந்த மாதிரி நின்றாள். இரும்புக் கட்டை வைத்தது யார்? அவள்தான். ரப்பர் வாங்க வேண்டிய அதிர்ச்சியையெல்லாம் பிளாக் வாங்கியிருக்கிறது. இருபத்தொன்பது வருடத்தில் ஒரு இன்ஜினைக்கூடச் சாகடிக்காதவள், சொந்த இன்ஜினைச் சாகடித்துவிட்டாள். சாலையோரக் கல்லில் உட்கார்ந்து, "என்னாலதாங்க, எல்லாம் என்னாலதான்" என்று அழுதாள். தச்சர் முதுகைத் தடவிக்கொடுத்து, "போனா போவுது, விடு" என்றார். இப்படி ஒரு மனுஷன் யாருக்கு வாய்ப்பான் என்று அவள் அந்த அழுகையிலும் நினைத்துக்கொண்டாள்.

அன்றிலிருந்து வண்டி ஒரு வெல்டரின் பட்டறை வளாகத்தில் நின்றது. வெல்டர் ஒரு காலத்தில் அவளிடம் பணிமனையில் வேலை பார்த்தவர். இப்போது நரைத்துவிட்டது, ஆனாலும் "அக்கா" என்றுதான் கூப்பிடுவார்.

இப்போது வண்டி அவசரமாகத் தேவைப்பட்டதற்குக் காரணம் மகள். முதல் பிரசவத்தின்போது டீசலக்காவுக்கு விடுப்புக் கிடைக்கவில்லை. மூன்று நாள் கழித்துத்தான் போய்ச் சேர்ந்தாள். வலியில் "அம்மா, அம்மா" என்று கத்தியபோது பக்கத்தில் நர்ஸ்தான் இருந்தாள் என்று மகள் பிற்பாடு ஒரே ஒரு முறை சொன்னாள். ஒரு முறை போதாதா? இந்த இரண்டாவது பிரசவத்துக்கு, "அந்த நிமிஷம் நான் உன் பக்கத்துல இருப்பேன், இது சத்தியம்" என்று டீசலக்கா வாக்குக் கொடுத்திருந்தாள். மகள் வீடு ஒற்றை அறை. வீட்டுவண்டியை வாசலில் நிறுத்தி, மூத்த பேரனை அதில் வைத்துக்கொண்டு, மகளையும் பார்த்துக்கொள்வதாக ஏற்பாடு. போய்ச் சேர ஒன்றரை நாள் பயணம். டாக்டர் சொன்ன தேதிக்கு இன்னும் பத்து நாள் இருந்தது.

ஒரு பழைய இரும்பு வியாபாரியிடம், விபத்தில் நொறுங்கிய பேருந்திலிருந்து எடுத்த அதே ரக இன்ஜின் கிடைத்தது. சனிக்கிழமை பழைய இன்ஜினையும் கியர் பாக்ஸையும் கழற்றி வெளியே எடுத்தாயிற்று. திங்கட்கிழமை காலை செயின் பிளாக்கில் புதியதைத் தொங்கவிட்டு, வெல்டர் சங்கிலியை இழுக்க, டீசலக்கா கீழே மல்லாந்து படுத்து வழிகாட்டினாள். இடது பக்கம் சொன்ன பேச்சைக் கேட்டது, போல்ட்டு துளையில் சுகமாக இறங்கியது. வலது பக்கம் ஒரு விரல் தடிமனுக்குத் தள்ளி நின்றது.

"வேற இன்ஜினத் தலையில கட்டிட்டான்!" என்று கத்திக்கொண்டே அவள் வெளியே உருண்டு வந்தாள். வியாபாரிக்குப் போன் போட்டு அவன் ஏழு தலைமுறையையும் ஒரு பிடி பிடித்தாள். அவன், "அக்கா, அளந்து பாத்துட்டுத் திட்டுங்க" என்றான். அளந்தாள். மறுபடி வெளியே எடுத்து வைத்த புதிய இன்ஜினும் பழைய இன்ஜினும் மயிரிழை வித்தியாசமில்லாமல் ஒன்றாக இருந்தன. வியாபாரியிடம் மன்னிப்புக் கேட்க அவளுக்கு வாய் வரவில்லை, போனை வைத்துவிட்டாள்.

"அப்ப சேஸத்தான் அளக்கணும்" என்றார் வெல்டர்.

வண்டியின் நீளத்துக்கு ஓடும் இரண்டு சேஸ் இரும்புகளுக்கும் நடுவே உள்ள இடைவெளியை முன்னால் அளந்தார்கள். சரியாக இருந்தது. நடுவில் அளந்தார்கள். சரி. இன்ஜின் உட்காரும் இடத்தில் அளந்தபோது இரண்டும் வாயைப் பிளந்தாற்போல் விரிந்திருந்தன.

சேஸ் இரும்பு தானாக விரியாது. அதைப் பிடித்து வைக்க இடையிடையே குறுக்கு இரும்புகள் உண்டு. கீழே இருந்து பார்த்தால், குளிர் வராமலிருக்கத் தச்சர் அடித்த கறுப்புப் பலகை மறைத்தது. பலகை என்பதால் அது அவர் ராஜ்ஜியம் என்று அவள் அதைத் தொட்டதே இல்லை. இப்போது இன்ஜின் இல்லாத வெற்றுக் குழிக்குள் தலையை விட்டு, டார்ச்சை முன்பக்கமாக அடித்தாள்.

குறுக்கு இரும்பு இருந்தது. வலது பக்கம் ஒரு சாண், இடது பக்கம் ஒரு சாண். நடுவில் இல்லை.

 டார்ச் கையிலிருந்து விழுந்து உருண்டது. எடுத்து மறுபடி அடித்தாள். உடைந்ததோ துருப்பிடித்து உதிர்ந்ததோ இல்லை. அறுத்திருந்தது. அறுத்த முனைகளை அரம் போட்டு மழமழவென்று தேய்த்து, மூலையை லேசாக உருட்டி, துருப் பிடிக்காமலிருக்கப் பெயிண்ட் வேறு அடித்திருந்தது. அவ்வளவு சுத்தமாக அறுக்க உலகத்தில் ஒரே ஒரு ஆளுக்குத்தான் கை வரும். அந்த ஆள் முப்பத்து நான்கு வருடமாக அவள் பக்கத்தில் படுத்துத் தூங்குகிறார்.

வெல்டரும் எட்டிப் பார்த்தார். அவர் முகம் வெளிறிவிட்டது. "அக்கா... அப்ப இத்தன நாளா ரெண்டு சேஸையும் பிடிச்சு வெச்சிருந்தது இன்ஜின்தான்."

அவளுக்கு ரப்பர் ஏன் கிழிந்தது என்று இப்போது தெரிந்தது. இரும்புக் கட்டை வைத்ததும் முழுப் பாரமும் பிளாக்கின் மேல் விழுந்து, ஒரு வருடம் தாக்குப்பிடித்து, கடைசியில் பிளந்திருக்கிறது. போன கோடையில் பேரனைக் கூட்டிக்கொண்டு இதே வண்டியில் இரண்டு மலை ஏறி இறங்கினார்கள். பேரன் அந்தக் கட்டிலில்தான் தூங்கினான், இந்தக் குழிக்கு நேர் மேலே.  தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

தச்சர் மேலே அடுக்களையில் அலமாரிக் கதவுக்கு மெழுகு தேய்த்துக்கொண்டிருந்தார். கூப்பிட்டதும் இறங்கி வந்தார். அவள் குழிக்குள் டார்ச்சை அடித்துக் காட்டினாள். அவர் குனிந்து பார்த்தார். பார்த்தவர் திடுக்கிடவில்லை. அதுதான் அவளை என்னவோ செய்தது.

"எப்ப அறுத்தீங்க?"

"குளியலறைக்குத் தரைய இறக்கினேன்ல, அப்ப. நிமிந்து நின்னு தலைக்கு ஊத்திக்கணும்னு நீதான் ஆசைப்பட்ட. நீ உசரம். நாலு விரக்கடை பத்தல. இது குறுக்க கிடந்துச்சு."

"குறுக்க கிடந்துச்சா? அது கிடக்கல, தாங்கிட்டு இருந்துச்சு!"

"அதுமேல ஒண்ணுமே இல்லையே. மேல பாரம் இல்லாத கட்டைய நாங்க எடுத்துருவோம். மரத்துல அப்படித்தான்."

"ஏன் என்கிட்ட சொல்லல?"

"உன் பக்கத்துல கை வெச்சதா ஆயிடுமேன்னு பயந்தேன். ஆனா ரெண்டாவது தடவ ரப்பர் கிழிஞ்சப்ப கேட்டேன். கீழ குறுக்கால இரும்பு ஏதாவது இல்லாமப் போனா இப்படிக் கிழியுமான்னு. உங்க பக்கத்த மட்டும் பாருங்கன்னு சொல்லிட்ட."

சொன்னாள்தான். நன்றாக ஞாபகம் இருந்தது. சிரித்துக்கொண்டே சொன்னாள். அதை அவள் மறுக்கவில்லை. ஆனால் அவளிடம் இன்னொரு கேள்வி இருந்தது. கேட்காமல் விட்டிருக்கலாம் என்று பின்னால் எத்தனையோ தடவை நினைத்தாள்.

"அப்ப இன்ஜின் பிளந்த அன்னிக்கு... உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்னு சொல்ல முடியாது. சந்தேகம் இருந்துச்சு."

"நான் கல்லுல உக்காந்து அழுதனே, அப்ப?"

தச்சர் மெழுகுத் துணியை மடித்தார், விரித்தார், மறுபடி மடித்தார். "அப்பவும் இருந்துச்சு."

"நாலு மாசங்க. நாலு மாசமா நான் ஒழுங்காத் தூங்கல. என் கையாலயே கொன்னுட்டேன்னு தினமும் உங்ககிட்டப் புலம்பினேன்."

"நீயே உன் தப்புன்னு சொல்லிட்ட. எனக்கு அது..." அவர் நிறுத்தினார். பொய் சொல்லவும் அந்த மனுஷனுக்கு வரவில்லை. "எனக்கு அது நிம்மதியா இருந்துச்சு."

வெல்டர் சத்தமில்லாமல் நகர்ந்து பட்டறைக்குள் போய்விட்டார். டீசலக்காவுக்குத் திட்ட வேண்டும் என்று தோன்றியது, திட்டு வரவில்லை. வியாபாரிக்கு ஏழு தலைமுறைக்கும் கொடுத்தவளுக்கு, கட்டினவருக்குக் கொடுக்க ஒரு வார்த்தை கிடைக்கவில்லை. நிம்மதி என்ற அந்தச் சொல் மட்டும் காதுக்குள் நின்றுகொண்டு போக மறுத்தது.

வேலை நடந்தது. வேலை யாருக்காகவும் நிற்காதே. அன்று மதியமே தச்சர் தன் கையால் குளியலறைத் தரையை அறுத்து எடுத்தார். ஆணியே இல்லாமல் கோத்துக் கோத்துச் செய்த தரை. பிரிக்கும்போது பலகை பலகையாக உடைந்தது. அவர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. வெல்டர் ஜாக்கி வைத்து விரிந்த சேஸை அழுத்தி உள்ளே கொண்டுவந்து, புதிய குறுக்கு இரும்பைப் பொருத்தி, இரண்டு முனையிலும் தகடு வைத்துப் பற்றவைத்தார். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் இன்ஜின் இறங்கியது. மவுண்டில் புது ரப்பர் வைத்து, நான்கு போல்ட்டுகளையும் டீசலக்கா விரலாலேயே திருகினாள். கடைசி முடுக்குக்கு மட்டும்தான் ஸ்பேனர் தேவைப்பட்டது. புதன்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்குச் சாவியைத் திருப்பினாள். இன்ஜின் ஒரே முக்கில் பிடித்துக்கொண்டது. அவள் காது வைத்துக் கேட்டாள். ஒரு பிசிறு இல்லை.

"கிளம்பிடலாமா?" என்றார் தச்சர். துணிமணியெல்லாம் ஏற்கெனவே ஏற்றியாகிவிட்டது. குளியலறைக்குத் தரை இல்லை, அதனால் என்ன, போய்ப் போட்டுக்கொள்ளலாம்.

அவள் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்தாள். ஸ்டியரிங்கைப் பிடித்தாள். கியர் போடக் கை போகவில்லை. இந்தச் சுவருக்குப் பின்னால் என்ன இருக்கிறது? அந்த அலமாரிக்கு அடியில்? கட்டிலுக்குத் தலைமாட்டில் உள்ள பலகைக்கு அப்புறம்? மனுஷனுக்கு எதெல்லாம் சும்மா குறுக்கே கிடப்பதாகத் தோன்றியிருக்கும்? பேரன் மறுபடி இதில்தானே தூங்கப் போகிறான்? இன்ஜினை நிறுத்திவிட்டு இறங்கினாள்.

"எல்லாப் பலகையையும் கழட்டிப் பாக்கணும்" என்றாள். திங்கட்கிழமைக்குப் பிறகு அவரிடம் அவள் பேசிய முதல் பேச்சு அது.

தச்சர் திருப்புளியை எடுத்து வந்தார். அவர் கழற்ற, அவள் உள்ளே டார்ச் அடித்துப் பார்த்தாள். முதல் பலகைக்குப் பின்னால் வயர்கள் வரிசையாக, நிறம் வாரியாகக் கட்டியிருந்தன. இரண்டாவதில் குழாய் ஒரு சொட்டு ஒழுகல் இல்லாமல் இருந்தது. மூன்றாவதில் தூசுகூட இல்லை. புதன்கிழமை சாயும்வரை பார்த்தார்கள். வியாழக்கிழமை முழுவதும் பார்த்தார்கள். ஒரு கீறலும் அகப்படவில்லை. அகப்படாதது அவளுக்கு நிம்மதி தரவில்லை, இன்னும் பார்க்க வேண்டும் என்றுதான் தோன்றியது. வெல்டர் ஒரு முறை வந்து, "அக்கா, போதும்க்கா, வண்டி தங்கமா இருக்கு" என்று சொல்லிப் பார்த்தார். "தேதிக்கு இன்னும் நாள் இருக்கு" என்று அவரை அனுப்பிவிட்டாள்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் பதினாலாவது பலகையை இருவருமாகப் பிடித்து இறக்கிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. மருமகன். பலகையை மடியில் சாய்த்துக்கொண்டு எடுத்தாள்.

"அத்தை, பொண்ணு பொறந்திருக்கா! காலைல ஒம்பது மணிக்கு வலி எடுத்துச்சு, அரை மணி முன்னால பொறந்துட்டா. ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க. எங்க வந்துட்டிருக்கீங்கன்னு இவ கேட்டுட்டே இருந்தா."

 "இன்னும் கிளம்பலப்பா."

"ஏன், இன்ஜின் வேல முடியலையா?"

"முடிஞ்சிருச்சு. புதன்கிழமையே முடிஞ்சிருச்சு."

"வண்டி ஓடுதுல்ல?"

"ஓடுது."

"அப்புறம் என்ன அத்தை?"

 எதிரே தச்சர் திருப்புளியோடு நின்றார். போனை அவரிடம் நீட்டினாள். "நீங்க சொல்லுங்க."

அவர் வாங்கிக் காதில் வைத்தார். "மாப்பிள்ளை..." என்று ஆரம்பித்து, இரும்பை அறுத்ததிலிருந்து எல்லாவற்றையும் சொன்னார். அவள் கல்லில் உட்கார்ந்து அழுததையும், தனக்கு அது நிம்மதியாக இருந்ததையும் விடவில்லை. பிள்ளை பெற்றவள் பக்கத்தில் நிற்கிற அந்தப் பையனுக்கு இதில் பாதிகூடப் புரிந்திருக்காது. அவன் "சரிங்க மாமா, சரிங்க மாமா" என்றுகொண்டிருந்தான். அவன் குரலுக்குப் பின்னால், போனின் அந்தப் பக்கம், குழந்தை வீறிட்டு அழுதது.

இரண்டடி தள்ளி உட்கார்ந்திருந்த டீசலக்காவுக்கு அது தெளிவாகக் கேட்டது. பலகையை அணைத்தபடி அவளும் வாய்விட்டு அழுதாள். புதன்கிழமையே கிளம்பியிருந்தால் அந்தக் குரலை அவள் மகள் பக்கத்தில் நின்று கேட்டிருப்பாள்.